சாந்தகப்பையும் சான்றிதழும்

மேசன் ஒருவரின் தகுதியை ஒரே நாளில் அளந்துவிடலாமா? அளக்கலாம் என்பதுதான் நமது தேசிய தொழிற் தகைமை முறையின் அடிப்படை நம்பிக்கை. கல்லும் சாந்தும் கொடுத்து ஒரு மூலையைக் கட்டச் சொல்கிறார்கள். கட்டியதைத் தூக்குக்குண்டும் மூலைமட்டமும் வைத்துப் பார்க்கிறார்கள். சில கேள்விகள் கேட்டு, கொண்டுவந்த சான்றுக் கோவையைப் புரட்டி, தேர்ச்சி உண்டு என்றோ இன்னும் இல்லை என்றோ எழுதுகிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதே இங்கே ஆராயப்படுவது. வட்டுக்கோட்டையிலும் சங்கரத்தையிலும் அராலியிலும் இந்த மதிப்பீட்டுக்குத் தயாரான மேசன்மார் சிலருக்குக் கோவை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். கேள்விகளைப் படித்துக் காட்டியிருக்கிறேன். அவர்கள் மேல் எனக்குப் பற்று உண்டு. அந்தப் பற்று கணிப்பை இளக்கிவிடக் கூடாது என்ற கவனத்தோடுதான் எழுதுகிறேன்.

பரீட்சை என்ற சொல் வட்டுக்கோட்டைக்குப் புதிதல்ல. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் இங்கே தொடங்கிய செமினரி 1855 இல் மூடப்பட்டது. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்த பிறகும் இந்த ஊர் தன்னைப் பரீட்சைப் பெறுபேறுகளாலேயே அளந்து வந்திருக்கிறது. ஆனால் அந்த மாணவர்கள் இருந்து படித்த மண்டபங்களைக் கட்டியவர்கள் எந்தப் பரீட்சைக்கும் இருந்தவர்களல்லர். சுண்ணாம்புக் கல்லை உடைத்து, சுண்ணாம்பு நீற்றி, தடித்த சுவரை எழுப்பிய அந்தக் கைகளுக்குப் பெயரும் இல்லை, பெறுபேறும் இல்லை. எழுத்துக்கு ஒரு நீதி, கைக்கு ஒரு நீதி என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த கணக்கு அது. அதனால் கைக்கும் ஒரு பரீட்சை வந்திருப்பதை முதலில் ஒரு நேர்செய்தலாகவே பார்க்க வேண்டும். குறைகளைப் பேசுமுன் இதை ஒப்புக்கொள்வதுதான் முறை.

முறையின் அமைப்பை வாசகர்கள் அறிவார்கள்; சுருக்கமாகவே சொல்கிறேன். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு ஏழு மட்டங்கள் கொண்ட தகைமைச் சட்டகம் ஒன்றை நடத்துகிறது. அதில் நான்காம் மட்டம் வரை கைவினைஞருக்கு; ஐந்தும் ஆறும் டிப்ளோமா; ஏழு பட்டம். பயிற்சி நிலையத்தில் படித்துச் சான்றிதழ் பெறுவது ஒரு வழி. பல ஆண்டுகள் வேலை செய்தவர் தன் அனுபவத்தைச் சான்றுகளோடு முன்வைத்து, மதிப்பீட்டுக்கு இருந்து பெறுவது இன்னொரு வழி. பின்னதற்கு முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். நைற்றா என்று எல்லோரும் அழைக்கும் பயிலுநர் அதிகார சபை இந்த வழியில் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகிறது. வலிகாமம் மேற்கில் சாந்தகப்பை பிடிக்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியால்தான் வருகிறார். தகப்பனிடமோ மாமனிடமோ கையாளாக நின்று தொழில் பழகியவருக்கு வேறு வழியும் இல்லை.

அந்தத் தலைமுறைக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குச் சீமெந்தும் இரும்பும் வரவில்லை. ஒரு மேசன் தொழிலில் முதிர வேண்டிய ஆண்டுகள் புதிய கொங்கிறீற் வேலை ஏதுமின்றிக் கழிந்தன. உடைந்ததை ஒட்டுவதும், இடிந்த வீட்டுக் கல்லை எடுத்து வேறு வீட்டுக்கு வைப்பதும், இருக்கிற சீமெந்தை இழுத்துப் பறித்துப் பூசுவதும்தான் பழக்கமாயின. 2002 இல் ஏ9 வீதி திறந்தபோது சீமெந்து வந்தது. 2006 இல் வீதி மூடப்பட, மறுபடி தட்டுப்பாடு. போர் முடிந்த 2009 இற்குப் பிறகு எல்லாம் ஒரேயடியாக வந்தன: பணம், கம்பி, டைல், அவசரம். இந்த வரலாற்றில் உருவான கைக்குச் சிக்கனமும் சமயோசிதமும் நிறைய உண்டு. அதே கைக்குக் கலவையின் அளவிலும் கம்பியின் இடத்திலும் கண்டிப்புக் குறைவு. இவரை அளக்கும் பரீட்சை இந்த இரண்டையும் காண வேண்டும்.

சுவர்ப் பரீட்சையிலிருந்து தொடங்குவோம். முறையின் மிகச் சிறந்த பகுதி அதுதான்.

நல்ல மேசன் ஒருவரிடம் ஒரு மூலையைக் கட்டச் சொன்னால் அவர் உடனே சாந்தில் கைவைக்க மாட்டார். முதல் வரிசைக் கல்லைச் சாந்தில்லாமல் வைத்துப் பார்ப்பார். ஒரு பக்கம் மூன்றடி, மறு பக்கம் நாலடி குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று நாடா பிடிப்பார். வராவிட்டால் கல்லை ஒரு நூல் தள்ளுவார். பிறகுதான் சாந்து. சாந்தகப்பையிலிருந்து சாந்து விழும் விதத்திலேயே ஆளைத் தெரிந்துவிடும். பழகிய கை அதை ஒரே வீச்சில் கல்லின் நீளத்துக்கு நீட்டிவிடும். நடுவில் கப்பை முனையால் ஒரு பள்ளம் இழுக்கும். கல்லை வைத்ததும் வெளியே பிதுங்கும் சாந்தை வழித்து அடுத்த கல்லின் முகத்தில் அப்பும். ஒரு துளி கீழே விழாது. ஒவ்வொரு இரண்டு வரிசைக்கும் தூக்கு, ஒவ்வொரு வரிசைக்கும் நூல். மூட்டுகள் பத்து மில்லிமீற்றர் அளவில் ஒன்றுபோல் ஓடும். ஒரு வரிசையின் மூட்டுக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் மூட்டு வராது.

இதைப் பார்த்து மதிப்பிடுவது எழுத்துப் பரீட்சை எதனாலும் ஆகாத காரியம். இங்கே பரீட்சைக்கும் பரீட்சிக்கப்படும் பொருளுக்கும் இடையே திரை இல்லை. சுவர் கட்டத் தெரியுமா என்ற கேள்விக்குச் சுவரே விடை. மதிப்பீட்டாளருக்கு மேசனைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் தூக்குக்குண்டு ஒரே இடத்தில்தான் தொங்கும். இரண்டு மதிப்பீட்டாளர் தனித்தனியே வந்தாலும் முடிவு பெரிதும் வேறுபடாது. ஏற்புடைமை, நம்பகம் ஆகிய இரண்டையும் ஒருங்கே பெற்ற பரீட்சைகள் நமது கல்வி உலகில் அதிகம் இல்லை. புள்ளி போடாமல் தேர்ச்சி உண்டு, இன்னும் இல்லை என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்வதும் சரியான முடிவே. தொண்ணூறு புள்ளிச் சுவர், அறுபது புள்ளிச் சுவர் என்று வீட்டுக்காரருக்கு எதுவும் இல்லை. சுவர் தூக்காக நிற்கிறது, அல்லது நிற்கவில்லை.

ஆனால் வீடு என்பது சுவரின் முகம் மட்டுமல்ல. குறை தொடங்குவது இங்கேதான்.

கட்டட வேலையின் முக்கியமான தீர்ப்புகள் பல, முடிந்த வேலையில் கண்ணுக்குத் தெரியாதவை. அத்திவாரக் கிடங்கின் அடியில் இளகிய மண்ணை அள்ளினார்களா, கம்பிக்குக் கீழே கட்டை வைத்துத் தூக்கினார்களா, கொங்கிறீற் போட்ட மறுநாளிலிருந்து தண்ணீர் கட்டினார்களா என்பவை பூச்சு முடிந்த பிறகு யாருக்கும் தெரியாது. பரீட்சை நாளில் இவற்றைச் செய்து காட்டவும் முடியாது. ஏழு நாள் தண்ணீர் கட்டுவதை ஒரு நாளில் எப்படிப் பார்ப்பது? ஆகவே மதிப்பீடு இங்கே வாய்மொழிக் கேள்விக்குத் திரும்புகிறது. கை பேசிக்கொண்டிருந்த இடத்தில் வாய் பேசத் தொடங்குகிறது. சொல்லத் தெரிந்தவருக்கும் செய்பவருக்கும் இடையிலான தூரம் அங்கே நுழைந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு போதும். 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்குத் தண்ணீர் ஏறத்தாழ 25 லீற்றருக்கு மேல் போகக் கூடாது என்பது எந்த மேசனும் சொல்லக்கூடிய விடை. வேலைத்தலத்தில் பின்னேரம் மூன்று மணிக்கு, வெயிலில் கலவை இறுகி வரும்போது, வாளி தூக்கும் கையாள் இன்னும் ஒரு வாளி ஊற்றுவார். இளகிய கலவை தள்ளச் சுகம். அந்த நேரத்தில் மேசன் 'ஊத்தாதை' என்று சொல்வாரா, பார்த்தும் பாராமல் இருப்பாரா? தகுதி இருப்பது அந்த ஒரு சொல்லில். கூடுதல் தண்ணீர் பின்னர் ஆவியாகி, கொங்கிறீற்றுக்குள் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். வெளிப்பார்வைக்குக் குறை தெரியாது. பலம் மட்டும் குறைந்திருக்கும். விடை தெரிந்ததற்குக் கிடைக்கும் தேர்ச்சியை, அந்த வாளியைத் தடுத்ததற்கான தேர்ச்சியாக நாம் வாசித்துக்கொள்கிறோம். சான்றிதழைப் படிப்பவரின் இந்தத் தவறு முறையின் குற்றமல்ல என்று வாதிடலாம். ஆனால் தான் எதை அளக்கவில்லை என்பதையும் தெளிவாகச் சொல்வது ஒரு நல்ல அளவுகோலின் கடமை.

இரண்டாவது குறை, நிலத்தோடு தொடர்புடையது. நாடு முழுவதற்கும் எழுதப்படும் ஒரு தகுதி நியமம் பொதுவாகத்தான் பேச முடியும். கலவைக்குத் தூய நீர் வேண்டும் என்று அது சொல்லும். கண்டிக்கும் குருணாகலுக்கும் அது போதும். அராலிப் பக்கம் போதாது. வழுக்கையாறு கடலேரியோடு சேரும் அந்தப் பகுதியில் ஒரு கிணறு நன்னீர், நூறு யார் தள்ளி இன்னொன்று சவர். பார்வைக்கு இரண்டும் தெளிந்த நீர்தான். சவர்த் தண்ணீரில் குழைத்த கொங்கிறீற்றுக்குள் இருக்கும் குளோரைட்டு, கம்பியைச் சுற்றிச் சீமெந்து உண்டாக்கிய காப்புப் படலத்தை உடைத்துவிடும். பிறகு துரு. துருவுக்குத் தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அது உள்ளிருந்து நெம்பும். முதலில் கம்பி போன வழியே ஒரு மயிர்க்கோடு, அடுத்து பழுப்புக் கறை, அதற்குப் பிறகு கொங்கிறீற் பொருக்காகக் கழன்று விழும். கடற்கரை மணலைக் கழுவாமல் போட்டாலும் இதே கதைதான். ஆகவே இந்தக் குடாநாட்டு மேசனுக்குத் தூக்குக்குண்டு எவ்வளவு அவசியமோ, நீரை நாவில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் அவ்வளவு அவசியம். நியமத்தின் பொதுமை அதன் வலிமை. ஒரே சான்றிதழ் காலியிலும் காங்கேசன்துறையிலும் செல்லுபடியாவது அதனால்தான். அதே பொதுமைதான் அதைக் குருடாகவும் ஆக்குகிறது. இதற்குத் தீர்வு தனி யாழ்ப்பாண நியமமல்ல. பொது நியமத்தின் அந்த ஒரு வரியை இந்த மண்ணில் விரித்துக் கேட்கத் தெரிந்த மதிப்பீட்டாளர்.

மூன்றாவது மொழி. இதில் கொஞ்சம் தங்க வேண்டும். தமிழில் கேட்டால் தமிழருக்கு விளங்கும் என்ற எண்ணம் தொழில் மொழி விடயத்தில் சரியல்ல. தயாராகும் ஒருவருக்கு நான் ஒரு கேள்வியைப் படித்துக் காட்டினேன்: 'கொங்கிறீற்றைப் பதப்படுத்துவதற்குரிய ஆகக்குறைந்த காலம் யாது?' அவர் என் முகத்தைப் பார்த்தார்.

'மாஸ்ரர், உது என்ன கேக்கினம் எண்டு விளங்கேல்லை.'

'கொங்கிறீற் போட்டா எத்தினை நாளைக்குத் தண்ணி கட்டவேணும்?'

'ஏழு நாள். வெய்யில் கடுமையெண்டா பத்தும் கட்டலாம். சாக்குப் போட்டு நனைச்சு விட்டா இன்னும் திறம். சாக்கு காயிறதுக்கு விடக் கூடாது. காய்ஞ்ச சாக்கு உள்ள தண்ணியையும் உறிஞ்சிப்போடும்.'

கேள்வி எதிர்பார்த்ததைவிட ஆழமான விடை. கேள்வியின் சொல் அதற்கான வாசலையே அடைத்திருந்தது. பாடநூல் நிலைக்குத்து என்கிறது, தலத்தில் தூக்கு. அது கிடை என்றால் இவர் மட்டம் என்பார். யன்னலுக்கு மேல் வரும் லிண்டலுக்கு 150 மில்லிமீற்றர் தாங்கல் என்பது இவருக்கு 'ரெண்டு பக்கமும் ஆறிஞ்சி ஏறவேணும்'. கல்லின் அளவே இவருக்குப் பதினாறுக்கு எட்டுக்கு ஆறு இஞ்சிதான். அடியிலும் இஞ்சியிலும் நூலிலும் நாற்பது ஆண்டு யோசித்த ஒருவர் மில்லிமீற்றரில் தடுமாறினால் அது அறியாமையல்ல, பெயர்ப்பில் நேரும் தாமதம். கலைச்சொல் கூடாது என்பதல்ல என் வாதம். வரைபடமும் விலைமனுவும் மெற்றிக்கில் வருகின்றன. அவற்றைப் படிக்கத் தெரியாத மேசன் கூலியாளாகவே இருந்துவிடுவார். கலைச்சொல்லை அறிவது தனியே அளக்க வேண்டிய ஒரு திறன். தண்ணீர் கட்டத் தெரியுமா என்று அளக்கும் இடத்தில் அதைக் கலக்கக் கூடாது. ஒன்றை அளக்கப் போய் இன்னொன்றை அளந்துவிடுவது பரீட்சை முறையின் மிகப் பழைய பிழை. சொல்லப்போனால், செமினரிக் காலத்திலிருந்தே நமது ஊருக்குப் பழக்கமான பிழை.

இந்த மொழிப் பிழைதான் தயாரிப்பையும் கெடுக்கிறது. ஒரு பரீட்சையின் தரத்தை, அதற்காக மக்கள் எப்படித் தயாராகிறார்கள் என்பதை வைத்தும் எடைபோட வேண்டும். இங்கே இருவகைத் தயாரிப்பைக் கண்டேன். ஒன்று கொப்பித் தயாரிப்பு. முன்னர் இருந்தவர் சொன்ன கேள்விகளை யாரோ எழுதிவைத்திருப்பார். அது கை மாறிக் கை மாறி வரும். 1:2:4, 1:5, ஏழு நாள், ஆறு இஞ்சி என்று விடைகள் மட்டும் நிற்கும். ஏன் என்பது உதிர்ந்துபோகும். ஒருவர் '1:2:4' என்பதைப் பிழையின்றிச் சொன்னார். அதில் எது ஒன்று, எது நான்கு என்று கேட்டபோது நின்றுவிட்டார். இத்தனைக்கும் அவர் அந்தக் கலவையை ஆயிரம் தடவை பெட்டி பெட்டியாக அளந்து கொட்டியவர். தன் கை அறிந்ததும் தன் வாய் பாடம்பண்ணியதும் ஒன்றே என்பது அவருக்கே தெரியவில்லை. இதைவிட மோசமான தயாரிப்பு இருக்க முடியாது. உள்ள அறிவையும் அது அந்நியமாக்கிவிடுகிறது.

மற்றது தலத் தயாரிப்பு. சித்தங்கேணிப் பக்கம் ஒரு வீட்டு வேலையில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம் நாலைந்து பேர் கூடியிருந்து, ஒருவர் அன்று செய்த வேலையை மற்றவர் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் கட்டிய சுவரில் இன்னொருவர் மட்டம் வைப்பார். பிழை கண்டால் காரணம் சொல்ல வேண்டும், கட்டியவர் மறுக்கலாம். பதினைந்து நாளில் அவர்களின் பேச்சே மாறிவிட்டது. 'சரியாய்த்தான் இருக்கு' என்பது போய், 'மூண்டாம் வரியில ரெண்டு நூல் வெளியில' என்று பேசத் தொடங்கினார்கள். இதுதான் திறனாய்வு. ஒரு தொழிலுக்குள் தராதரம் பிறப்பது இப்படித்தான். இதைப் பரீட்சை தூண்டியது என்ற வகையில் முறைக்கு அந்தப் பெருமை சேரும். கொப்பியும் அதே பரீட்சையின் பிள்ளை என்பதால் அந்தப் பழியும் சேரும்.

இதுவரை பேசியது தொழிலாளியான மேசனைப் பற்றி. ஆனால் யாழ்ப்பாணத்தில் வீடு கட்டும் மேசன் பெரும்பாலும் வெறும் தொழிலாளியல்ல. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி, ஆள் பிடித்து, முற்பணம் வாங்கி, வேலையை முடித்துக் கொடுப்பவர். உண்மையில் அவர் ஒப்பந்தகாரர். அந்த அடையாளத்தை எந்தப் பரீட்சை அளக்கிறது?

ஒப்பந்தகாரருக்கென ஒரு பதிவு முறை இருக்கிறது. 1986 இல் தொடங்கி இக்டாட் என்று அறியப்பட்ட நிறுவனத்தின் இடத்துக்கு 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையைக் கொண்டுவந்தது. சி9 இலிருந்து மேல்நோக்கித் தரங்கள். நிதி வலு, தொழில்நுட்ப ஆளணி, கருவிகள், முடித்த வேலைகள் ஆகியவற்றைப் பார்த்துத் தரம் தீர்மானிக்கப்படுகிறது. அரச வேலைக்கு விலைமனுப் போடுபவரைப் பொறுத்தவரை இது பயனுள்ள சல்லடை. பணமும் ஆளும் இல்லாமல் வேலையை எடுத்து நடுவில் விட்டுப்போவதை ஓரளவு தடுக்கும். ஆனால் இது ஒரு நிறுவனத்தின் கொள்ளளவை அளக்கிறது. ஒருவரின் தீர்மானத்தை அளக்கவில்லை. சட்டமும் இனங்காணப்பட்ட நிர்மாணப் பணிகள் என்ற வரையறைக்குள்தான் பதிவைக் கட்டாயமாக்குகிறது. வாய்ப்பேச்சில் எழும் வட்டுக்கோட்டை வீடு அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. மின்னிணைப்பு வேலை இந்த விடயத்தில் முன்னே போய்விட்டது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு தொழிற் தகைமையை அடிப்படையாகக் கொண்டு மின்னியலாளருக்கு உரிமம் வழங்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்திருக்கிறது. வயர் பிழைத்தால் உடனே உயிர் போகும். லிண்டல் பிழைத்தால் பத்து வருடம் கழித்து விழும். அந்தப் பத்து வருடம்தான் மேசனைப் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

கலிபோர்னியாவை ஒப்பிட்டால் இது துலங்கும். அங்கே ஒப்பந்தகாரர் உரிமச் சபை 1929 இலிருந்து இருக்கிறது. உரிமம் கேட்பவர் நான்கு ஆண்டு தேர்ந்த தொழிலாளியாக வேலை செய்ததைக் காட்ட வேண்டும். இரண்டு பரீட்சைகள் எழுத வேண்டும். ஒன்று தொழில் பற்றியது. மற்றது சட்டமும் வணிகமும். பின்னதில் ஒப்பந்தம் எழுதுவது, விலை கணிப்பது, தொழிலாளியின் பாதுகாப்பு, வீட்டுக்காரரிடம் எவ்வளவு முற்பணம் வாங்கலாம் என்பவை வரும். வீட்டுத் திருத்த வேலைக்கு முற்பணம் 10 வீதம் அல்லது 1,000 டொலர், இரண்டில் குறைந்ததைத் தாண்டக் கூடாது என்பது அங்கே சட்டம். மேசனுக்கும் வீட்டுக்காரருக்கும் இங்கே வரும் சண்டைகளில் பாதி முற்பணத்தில் தொடங்குவதை நினைத்தால், அந்த இரண்டாவது பரீட்சையின் மதிப்புப் புரியும். ஆயினும் கலிபோர்னியப் பரீட்சை இரண்டும் விடை தெரிவுசெய்யும் வகை. அங்கே சாந்தகப்பை மேடைக்கு வருவதே இல்லை. கையை நான்கு ஆண்டு அனுபவம் என்ற கடதாசியிடம் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் பொறுப்பை அளந்து கையை நம்புகிறார்கள். நாம் கையை அளந்து, பொறுப்பைக் கேட்காமலே விடுகிறோம்.

கேட்கவே முடியாது என்றும் சொல்ல முடியாது. ஒரு தடவை கேட்டிருக்கிறோம். இந்திய வீட்டுத்திட்டம் 50,000 வீடுகளுக்கென 2010 இல் அறிவிக்கப்பட்டது. முன்னோடியாக 1,000 வீடுகளை நிறுவனம் ஒன்று ஒப்பந்த முறையில் கட்டியது. 2012 ஒக்டோபரில் தொடங்கிய பெருங்கட்டத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வீட்டுக்காரரே கட்டுவிக்கும் முறை வந்தது. வீடொன்றுக்கு 550,000 ரூபா, தவணை தவணையாக. அத்திவாரம் சரியென்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்த்த பிறகு அடுத்த காசு, சுவர் எழும்பிய பிறகு அடுத்தது, பிறகு கூரை. இதை ஒரு வீட்டுத்திட்டமாக மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். முறையியல் நோக்கில் அது ஒரு பரீட்சை. மறையப் போகும் வேலை மறையுமுன் பார்க்கப்பட்டது. மேசனின் தீர்மானம் ஒரு நாளில் அல்ல, மாதக்கணக்கில் அளக்கப்பட்டது. வீட்டுக்காரரும் எதைக் கேட்பது என்று கற்றுக்கொண்டார். அதற்கும் குறைகள் உண்டு: தொகை பல குடும்பங்களுக்குப் போதவில்லை, கடன் ஏறியது, ஒரே காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பியதால் நல்ல மேசன் கிடைப்பது அரிதானது. ஆனால் படிநிலைப் பார்வை என்ற அந்த முறை சரியானது. திட்டம் முடிந்ததோடு அந்தப் பார்வையும் முடிந்ததுதான் பெரிய இழப்பு. அதில் தேறிய மேசன்மாரிடம் அதற்கான சான்று ஒன்றும் இல்லை.

எனது தீர்ப்பு இதுதான். சுவர்ப் பரீட்சையை அப்படியே காக்க வேண்டும்; அது நமது தொழிற்கல்வி செய்த நல்ல காரியங்களில் ஒன்று. வாய்மொழிப் பகுதியைத் தலமொழியில் திருப்பி எழுத வேண்டும். கலைச்சொல்லையும் வரைபட வாசிப்பையும் தனி அலகாகப் பிரிக்க வேண்டும். ஆள் பிடித்து வீடு கட்டிக் கொடுக்கும் மேசனுக்கு நான்காம் மட்டத்துக்கு மேல் ஒரு சிறு தகைமை வேண்டும்: அளவெடுத்து விலை சொல்லல், முற்பணமும் தவணையும் எழுதிக்கொள்ளல், மறையும் வேலையை மறையுமுன் காட்டல். அது வரும் வரையில் இன்றைய சான்றிதழைச் சுவர் கட்டத் தெரியும் என்ற அளவுக்கே படிக்க வேண்டும். வீடு கட்டித் தருவார் என்று படிக்கக் கூடாது. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞருக்கு முதல் வாசிப்பே போதும். ஊரில் வீடு கட்டப் போகிறவருக்குப் போதாது.

கோவையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடக் கூடாது. விண்ணப்பதாரரின் சான்றுக் கோவையில் முடிந்த வீடுகளின் படங்கள், வீட்டுக்காரர் கொடுத்த கடிதங்கள் எல்லாம் இருக்கும். எல்லாம் வெற்றிகள். ஒருவர் செய்த பிழையும் அதை அவர் அறிந்து திருத்திய விதமும் அவரது தகுதிக்கு அந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும்விடப் பெரிய சான்று. அதற்கெனக் கோவையில் பக்கம் இல்லை.

என் வீட்டு முன்னறை யன்னல் லிண்டல் கட்டி எட்டாம் வருடம் வெடித்தது. சுவர் இன்றைக்கும் தூக்கு; மூட்டு ஒன்றுபோல் ஓடுகிறது; கட்டியவரின் கை சுத்தமான கை. லிண்டலுக்குத் தண்ணீர் எடுத்தது பின்வளவுச் சவர்க் கிணற்றில். அப்போது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆள் அனுப்பினேன், வந்து பார்த்தார். சாந்தகப்பைப் பிடியால் தட்டினார். பொள்ளென்று சத்தம் கேட்டது. ஒரு பொருக்கைப் பெயர்த்து நாக்கில் வைத்தார். 'என்ர பிழை மாஸ்ரர்' என்றார். காசு கேட்கவில்லை. சுவரை முட்டுக்கொடுத்துத் தாங்கி, பழையதை உடைத்து, பவுசரில் நன்னீர் எடுப்பித்து, கம்பிக்குக் கீழே கட்டை வைத்துத் தூக்கிப் புதிதாகப் போட்டார். ஏழு நாளும் காலையும் பின்னேரமும் சைக்கிளில் வந்து சாக்கை நனைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் அவர் மதிப்பீட்டுக்குத் தயாரானபோது கோவையை நான்தான் நிரப்பினேன். வெடித்த லிண்டலின் படம் என் தொலைபேசியில் இருந்தது. அதையும் போடுவமோ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு படத்தைப் பிரதியெடுப்பித்துக் கடைசித் தாளில் தானே ஒட்டினார். பேனையை வாங்கி, எழுத்து எழுத்தாக, அதன் கீழே எழுதினார்: 'சவர்த் தண்ணி. நான் போட்டது. நான் திருத்தினது.'